நிசான் காட்டில் ஒரு விடுதி: செராம்பூர் டென்மார்க் டேவர்ன் குறித்துச் சில குறிப்புகள்

கல்கத்தாவின் விருந்தோம்பல் தொழிலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஸ்பென்ஸ் ஓட்டலில் தொடங்குவார்கள். 1830இல் ஜான் ஸ்பென்ஸ் தொடங்கிய அந்த விடுதிக்கு ‘ஆசியாவின் முதல் ஓட்டல்’ என்றொரு பட்டம் நெடுங்காலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்து, ரொட்டிக் கடைக்காரரான டேவிட் வில்சன் 1840களின் தொடக்கத்தில் திறந்த ஆக்லந்து ஓட்டல் வரும். அதுவே பின்னர் கிரேட் ஈஸ்டர்ன் என்று பெயர்பெற்றது. இவ்வரிசையில் எனக்கொரு மனக்குறை உண்டு. ஸ்பென்ஸுக்கு நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ‘ஓட்டல்’ என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கிய ஒரு விடுதி ஹூக்ளிக் கரையில் இருந்தது. அது கல்கத்தாவில் இல்லை. ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட நிலத்திலும் இல்லை. முதன்மைப் பட்டியல்களில் அது விடுபட்டுப்போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1786ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக் கல்கத்தா கெசட்டில் ஒரு விளம்பரம் வெளிவந்தது. முன்பு கல்கத்தாவில் லண்டன் டேவர்ன் என்னும் மதுவிடுதியை நடத்திவந்த ஜேம்ஸ் பார் என்பவர், செராம்பூரில் கொடிமரத்துக்கு அருகில் மாடிவீடு ஒன்றை எடுத்து, ‘டென்மார்க் டேவர்ன் அண்ட் ஓட்டல்’ என்ற பெயரில் திறக்கப்போவதாக அறிவித்தார். ஆற்றில் மேலும் கீழும் பயணம் செய்யும் கனவான்களுக்குக் காலை உணவும் பகலுணவும் இரவுணவும் படுக்கையும் கிடைக்கும். கட்டணம் நியாயமாக இருக்கும். நல்ல பில்லியர்ட்ஸ் மேசை உண்டு. செய்தித்தாள்களோடு கூடிய காப்பி அறை உண்டு என்பது அதன் சாரம்.

சில வரிகளே கொண்ட இவ்விளம்பரத்தை மொழியியல் படித்த கண்ணோடு பார்க்கும்போது முதலில் நிற்கவைப்பது அந்த இரட்டைப் பெயர். டேவர்ன் என்பது இலத்தீன் மூலத்திலிருந்து வந்து ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகள் புழங்கிய சொல். குடிக்கும் இடத்தைக் குறிப்பது. ஓட்டல் என்பது பிரெஞ்சிலிருந்து வந்தது. தங்கும் விடுதி என்னும் பொருளில் அது ஆங்கிலத்தில் வேரூன்றியதே பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். அதாவது, இலண்டனிலேயே புதுக்கருக்கு மாறாத ஒரு சொல் சில பத்தாண்டுகளுக்குள் ஹூக்ளிக் கரையின் பலகையொன்றில் ஏறிவிட்டது. பழைய சொல் குடிப்போரை அழைக்கிறது. புதிய சொல் படுப்போரை அழைக்கிறது. இரண்டையும் ஒருவரே நடத்துகிறார்.

இந்த இணைப்பு நமக்கு இயல்பானதன்று. தமிழில் சத்திரமும் சாவடியும் உண்டு. அங்கே படுக்கலாம், சத்திரத்தில் உண்ணலாம், குடிக்க இயலாது. கள்ளுக்கடை உண்டு, அங்கே குடிக்கலாம், படுக்க இடமில்லை. இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்த நிறுவனத்துக்கு நம்மிடம் ஒற்றைச் சொல் இல்லை என்பதற்குச் சோம்பல் காரணமன்று. அப்படியொரு நிறுவனம் இருந்ததில்லை. சத்திரம் அறத்தின் பாற்பட்டது. அரசரோ வணிகரோ கொடையாக எழுப்பிய அங்கு, யார் எந்தப் பந்தியில் உண்ணலாம் என்பதற்குச் சாதி விதிகள் இருந்தன. கட்டணம் பெரும்பாலும் இல்லை. கள்ளுக்கடை வரியின் பாற்பட்டது. சங்க இலக்கியம் காட்டும் நகரங்களில் கள் விற்கும் இடத்தில் கொடி பறந்தது என்பதை மதுரைக்காஞ்சியும் பட்டினப்பாலையும் சொல்கின்றன. ஆனால் அந்தக் கொடியின்கீழ் இரவு தங்கிய வழிப்போக்கரை நாம் சந்திப்பதில்லை. இன்றும் இப்பிரிவினை நம் பேச்சில் உயிரோடிருக்கிறது. உண்ணும் இடத்தை ஓட்டல் என்கிறோம், படுக்கும் இடத்தை லாட்ஜ் என்கிறோம், குடிக்கும் இடத்தை பார் என்கிறோம். ஆங்கிலத்திலிருந்து மூன்று சொற்களைக் கடன்வாங்கி, ஆங்கிலேயர் ஒன்றாக வைத்திருந்ததை மூன்றாகப் பிரித்துவிட்டோம். ஓட்டல் என்ற சொல் தமிழில் படுக்கையை இழந்து இட்டிலியைப் பெற்ற கதை தனியே எழுதத் தக்கது. இதில் சுவையான முரண் ஒன்று: தமிழ்நாட்டின் மதுவிலக்கு விதிகளில் ‘எஃப்.எல். 3’ என்னும் உரிமம் தங்கும் அறைகள் கொண்ட ஓட்டல்களுக்கு உரியது. மக்கள் மொழி பிரித்துவைத்ததைச் சட்டத்தின் மொழி மீண்டும் சேர்க்கிறது.

செராம்பூருக்கு வருவோம். கல்கத்தாவிலிருந்து வடக்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், ஹூக்ளியின் மேற்குக் கரையில், பாரக்பூருக்கு நேரெதிரே உள்ள ஊர் இது. தமிழ் வாசகர்களுக்கு இவ்வூர் அந்நியமானதாக இருக்கக் கூடாது. 1755இல் வங்காள நவாப் அலிவர்தி கானிடம் அனுமதி பெற்று இங்கே குடியேற்றத்தை நிறுவியவர்கள் தரங்கம்பாடியிலிருந்த டேனியர்கள். அரசர் ஐந்தாம் ஃப்ரெடெரிக்கின் பெயரால் அதற்கு ஃப்ரெடெரிக்ஸ்நகர் என்று பெயரிட்டனர். இந்த ஊர் நிர்வாகத்தில் தரங்கம்பாடிக்குக் கட்டுப்பட்டிருந்தது. 1845இல் தரங்கம்பாடியும் செராம்பூரும் ஒரே உடன்படிக்கையில், பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு, ஆங்கிலக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. பிறப்பிலும் முடிவிலும் இவ்வூர் சோழமண்டலக் கரையின் ஒரு சிற்றூரோடு பிணைந்தது. நாமோ டேனியர் என்றவுடன் சீகன்பால்குவையும் அச்சுக்கூடத்தையும் மட்டுமே நினைக்கிறோம். மதுவிடுதி நம் நினைவுக்கு வருவதில்லை. வந்தாலும் ஆய்வேட்டின் அடிக்குறிப்பைத் தாண்டுவதில்லை.

கல்கத்தாவில் ஏற்கெனவே தொழில் நடத்திய ஒருவர் ஏன் டேனிய நிலத்துக்குப் போனார்? அவரே எழுதிவைத்த காரணம் எதுவும் என் பார்வைக்கு வரவில்லையாதலால் சூழலைக்கொண்டே ஊகிக்க வேண்டும். எனக்கு மூன்று விடைகள் தோன்றுகின்றன. மூன்றாவதற்கே அதிக எடை தருவேன்.

முதலாவது வணிகம். அமெரிக்க விடுதலைப் போர்க்காலத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் கடலில் மோதிக்கொண்டிருந்தபோது, நடுநிலை வகித்த டென்மார்க்கின் கொடி பாதுகாப்பான போர்வையாயிற்று. கம்பெனியின் ஆங்கில ஊழியர்களே தம் சொந்தச் சேமிப்பை டேனியக் கப்பல்கள் வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினர். கப்பல் வந்தால் மாலுமி வருவான், கணக்கன் வருவான், தரகன் வருவான். அனைவருக்கும் உணவும் குடியும் வேண்டும்.

இரண்டாவது கடன். கல்கத்தாவின் நீதிமன்றக் கட்டளை செராம்பூரில் செல்லாது. ஆகவே கடன்காரர்களிடமிருந்து தப்ப விரும்பியோருக்கு அது புகலிடமாயிருந்தது. இதற்காகவே அது பெயர் கெட்டும் இருந்தது. இத்தகையோர் விடுதிக்காரருக்கு நல்ல வாடிக்கையாளர்களா என்பது வேறு கேள்வி!

மூன்றாவது ஆறு. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விடுதி வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கட்டடத்தைப் பார்க்கிறார்களே தவிர, அதற்கு எதிரே ஓடும் நீரைப் பார்ப்பதில்லை. ஹூக்ளி ஓத ஆறு. கடலின் ஏற்றவற்றம் செராம்பூரையும் தாண்டி மேலே செல்கிறது. துடுப்பும் பாயும் இழுகயிறும் மட்டுமே இருந்த காலத்தில், கல்கத்தாவிலிருந்து பஜ்ரா எனும் கூரைப் படகில் மேல்நோக்கிச் செல்பவர் ஏற்றத்தோடு புறப்பட்டு, ஏற்றம் திரும்பும் இடத்தில் ஒதுங்கியே ஆக வேண்டும். வற்றம் தொடங்கிவிட்டால் எதிர்த்துத் துடுப்பிடுவது வீண். அடுத்த ஏற்றம் வர ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். பகலில் வந்து ஒதுங்கினால் அந்த ஆறு மணி நேரம் ஓர் உணவு, ஒரு பில்லியர்ட்ஸ் ஆட்டம், பழைய செய்தித்தாள் என்று கழியும். மாலையில் ஒதுங்கினால் ஓர் இரவாக நீளும். விளம்பரம் ஆற்றில் மேலும் கீழும் போகிறவர்களைப் பெயர்சொல்லி அழைப்பதன் பொருள் இதுதான். பார் விற்றது மதுவை மட்டுமன்று. ஓதத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் கழிக்க ஓர் இடத்தையும் விற்றார்.

அதோடு, நகரத்திலிருந்து ஓரிரு நாள் விலகி இருப்பது என்னும் பழக்கமும் அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. கல்கத்தா ஐரோப்பியரில் வசதியுள்ளோருக்கு ஆற்றங்கரைத் தோட்ட வீடுகள் இருந்தன. எதிர்க்கரையில் பாரக்பூர் படைவீடும், வெல்லெஸ்லி காலத்திலிருந்து தலைமை ஆளுநரின் ஓய்வு மாளிகையும் பூங்காவும் அமைந்தன. சொந்தத் தோட்ட வீடு இல்லாத இடைநிலை எழுத்தருக்கும் கப்பல் அதிகாரிக்கும் எட்டியது வாடகை அறைதான். 1820களில் இவ்வழியே சென்ற பிஷப் ஹீபர், செராம்பூர் தூய்மையாகப் பேணப்படுவதையும் கல்கத்தாவைவிட ஐரோப்பிய நகரம் போலத் தோன்றுவதையும் குறித்துவைத்தார். (திருச்சிராப்பள்ளியில் 1826இல் நீரில் மூழ்கி இறந்த அதே ஹீபர்தான்.) காசு கொடுத்துச் சில நாள் ஐரோப்பாவில் இருப்பதுபோல் பாவித்துக்கொள்ள முடிந்த இடம் அது.

ஆனால் அந்த ஐரோப்பாவை யார் நடத்தினார்கள்? விளம்பரத்தில் ஒரே ஒரு பெயர்தான் உண்டு. அக்கால வங்காளத்தில் இத்தகைய விடுதி இயங்க, கான்சாமா வேண்டும். பரிமாற கித்மத்கார் வேண்டும். பாத்திரம் துலக்கவும் விளக்கேந்தவும் மசால்ச்சி வேண்டும். துப்புரவுக்கு மேத்தர் வேண்டும். மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் மதுவும் புழங்கும் சமையற்கட்டில் உயர்சாதி இந்துக்கள் வேலை செய்ய மாட்டார்கள். ஆகவே இத்தொழில் பெரும்பாலும் முஸ்லிம்கள், மக் எனப்பட்ட சிட்டகாங்–அரக்கான் பகுதிச் சமையற்காரர்கள், போர்த்துகீசிய வழியினர், ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆகியோர் கைகளில் இருந்தது. இவர்களுள் என்னை மிகவும் ஈர்ப்பவர் ஆப்தார். வைனையும் நீரையும் குளிரவைப்பதே இவர் வேலை. அமெரிக்கப் பனிக்கட்டி முதன்முதலாகக் கல்கத்தாவுக்கு வந்திறங்கியது 1833இல். அதற்கு முன்பு ஆப்தார் வெடியுப்பை நீரில் கரைத்து, அக்கரைசலில் புட்டியைச் சுழற்றிச் சுழற்றிக் குளிரூட்டினார். பீகாரிலிருந்து இதே ஆற்றின் வழியாக வந்து, ஐரோப்பாவின் போர்களுக்கு வெடிமருந்தாகச் சென்ற அதே வெடியுப்பு!

ஆப்தார் என்ற சொல்லில் உள்ள ‘ஆப்’ பாரசீகத்தில் நீர். அதே ஆப்தான் ‘ஆப்காரி’யிலும் இருக்கிறது. மது வரிக்கு வட இந்திய நிர்வாகம் வைத்த பெயர் சென்னை மாகாணத்துக்கும் வந்து, 1886ஆம் ஆண்டுச் சென்னை ஆப்காரிச் சட்டத்தில் நிலைபெற்றது. நம் தாத்தாக்கள் ‘ஆப்காரி இலாகா’ என்று வெகு இயல்பாகச் சொன்னார்கள். அதில் நீர் இருப்பது அவர்கள் நாவில் தட்டுப்படவில்லை. இதே வகையில் ‘பஞ்ச்’ என்னும் பானத்தையும் பார்க்கலாம். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், மணப்பொருள் ஆகிய ஐந்தும் சேர்வதால் ‘பஞ்ச’ என்பதிலிருந்து அப்பெயர் வந்தது என்பது பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே சொல்லப்படும் விளக்கம். ஆங்கிலச் சொல்லாய்வாளர் சிலர் இதை ஏற்பதில்லை. நானும் உறுதியாகச் சொல்லத் துணியமாட்டேன். ஆனால் மாலுமிகள் மொய்த்த மலிவான குடிவிடுதிகள் கல்கத்தாவிலும் சென்னையிலும் பஞ்ச்–ஹவுஸ் என்றே அழைக்கப்பட்டன. பஞ்ச்–ஹவுஸ் கீழ்த்தட்டு; டேவர்ன் அதற்கு ஒரு படி மேல்; ஓட்டல் இன்னும் மேல். பார் தம் பலகைக்குத் தேர்ந்தெடுத்த சொற்களில் இந்தப் படிநிலை வெளிப்படையாகவே தெரிகிறது.

1799 அக்டோபரில் இவ்வூருக்கு வந்த மற்றொரு பயணக் குழுவையும் சொல்லாமல் விட முடியாது. ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு முதலிய பாப்டிஸ்ட் மிஷனரிகள் அமெரிக்கக் கப்பலொன்றில் வந்து, கம்பெனியின் அனுமதி இல்லாததால் கல்கத்தாவில் தங்காமல் நேரே செராம்பூர் சேர்ந்தனர். தம் படகில் திறந்தவெளியில் பெட்டிகளின்மீது படுத்துறங்கி வந்த அவர்கள், விடியலில் கரையேறி முதலில் தங்கிய இடம், மையர் என்பவர் நடத்திய டேனிய மதுவிடுதி என்று வார்டின் நாட்குறிப்பு சொல்கிறது. வில்லியம் கேரி 1800 ஜனவரியில் வந்து சேர்ந்தார், அச்சகம் எழுந்தது, இந்திய மொழிகளின் அச்சு வரலாற்றில் செராம்பூர் தவிர்க்க முடியாத பெயராயிற்று. அவர்களுக்குப் பாதுகாப்பளித்த டேனிய ஆளுநர் ஓலே பீ, தரங்கம்பாடியில் ஸ்வார்ட்ஸின் போதனையைக் கேட்டிருந்தவர். மிஷன் வரலாறுகள் இந்தக் கடைசிச் செய்தியை விரித்து எழுதுகின்றன; மதுவிடுதியை ஒரு வரியில் கடக்கின்றன. அவற்றின் நோக்கத்துக்கு அது சரியே. நாம் ஏன் அதே விகிதத்தைப் பின்பற்ற வேண்டும்?

இவ்விடுதித் தொழிலின் தளர்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1801இல் ஒருமுறையும், 1808 முதல் 1815 வரை மறுமுறையும் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றினர். நடுநிலைக் கொடியால் வந்த வணிகம் போயிற்று. நீராவிப் படகுகள் வந்தபின் ஓதத்துக்குக் காத்திருக்கும் தேவை குறைந்தது. 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு இரயில் ஓடத் தொடங்கியது. செராம்பூர் வழியில் ஒரு நிலையம். மறுநாள் ஏற்றத்துக்காக இரவு தங்கவேண்டியிருந்த ஊர், காலையில் போய் மாலையில் திரும்பும் ஊராயிற்று. அடுத்த ஆண்டே பக்கத்து ரிஷ்ராவில் சணல் ஆலை எழுந்தது. தங்கல் தொழில் ஒருபுறம் கல்கத்தாவின் பெரிய ஓட்டல்களுக்கும், மறுபுறம் நெடுஞ்சாலையோர டாக் பங்களாக்களுக்கும் பிரிந்து சென்றது. (பங்களா என்பதே ‘வங்காளத்து வீடு’தான், நாம் வங்காளத்திடமிருந்து பெற்ற சொற்களில் இதுவும் ஒன்று. டாக் பங்களாவில் பயணி வந்திறங்கியவுடன் பிடித்து அறுத்துச் சமைக்கப்படும் கோழிக்கு ஆங்கிலோ–இந்தியர் வைத்த பெயர் ‘திடீர் மரணம்’.)

கல்கத்தாவின் பெரிய ஓட்டல்கள் ஐரோப்பியரோடு நிற்கவில்லை. வங்காளிகள் ‘வில்சன் ஓட்டல்’ என்று அழைத்த இடம், சாதிக் கட்டை மீறி உண்ணவும் குடிக்கவும் துணிந்த புதிய தலைமுறைக்கு ஒரு குறியீடாயிற்று. ஐரோப்பாவிலிருந்து 1867இல் திரும்பிய மைக்கேல் மதுசூதன் தத்தர் ஸ்பென்ஸ் ஓட்டலில் குடியேறிக் கடனில் மூழ்கினார். 1848 முதல் 1856 வரை சென்னையில் வாழ்ந்த இவரே, 1860இல் வெளிவந்த தம் அங்கத நாடகமொன்றில் குடியை நாகரிகமென்று கருதிய இளைஞர்களை எள்ளி நகையாடியவர். 1863இல் பியாரி சரண் சர்க்கார் வங்காள மதுவிலக்குச் சங்கத்தை நிறுவினார். ஆற்றங்கரை விடுதியில் தொடங்கிய ஒரு பழக்கம் நகரத்து நடுத்தர வர்க்கத்தின் ஒழுக்கச் சிக்கலாக மாற முக்கால் நூற்றாண்டு போதுமாயிருந்தது.

டென்மார்க் டேவர்ன் கட்டடம் பிற்காலத்தில் சிதைந்து, கூரை இழந்து, சுவர்களில் மரம் முளைத்துக் கிடந்தது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் செராம்பூர்த் திட்டத்தின்கீழ், மேற்கு வங்க அரசின் ஒத்துழைப்போடு அது மீட்டெடுக்கப்பட்டு, 2018இல் உணவகமாகவும் சில தங்கும் அறைகள் கொண்ட விடுதியாகவும் திறக்கப்பட்டது. அதே ஊரின் புனித ஓலாவ் தேவாலய மீட்பு 2016இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் விருதைப் பெற்றது. தரங்கம்பாடியில் ஆளுநர் மாளிகையும் இதே அருங்காட்சியகத்தின் பங்களிப்போடு புதுப்பிக்கப்பட்டது நினைவிருக்கலாம். பாராட்டத் தக்க பணிகள். எனினும் ஓர் ஐயத்தைப் பதிவுசெய்ய வேண்டும். மீட்புக்குப் பின் எழுதப்படும் செய்திகளிலும் சுற்றுலாக் குறிப்புகளிலும் இது ‘டேனிய மரபுச் சின்னம்’ என்றே அறிமுகமாகிறது. நிலம் டென்மார்க்குடையது, பெயர் டென்மார்க்குடையது, உண்மைதான். ஆனால் நடத்தியவர் கல்கத்தாவில் லண்டன் டேவர்னை நடத்திப் பழகியவர், விளம்பரம் வந்தது ஆங்கில ஏட்டில், எதிர்பார்த்த வாடிக்கையாளர்கள் கல்கத்தா ஆற்றுவழிப் பயணிகள், உழைத்தவர்கள் வங்காளத்தினர். ‘டென்மார்க்’ என்பது அங்கே இனப்பெயராக இருந்ததைவிட வணிகப் பெயராகவே இருந்தது என்பேன். இன்று அதே சொல் மரபுச் சுற்றுலாவுக்கு வணிகப் பெயராகியிருக்கிறது. இரு நூற்றாண்டு இடைவெளியில் உத்தி ஒன்றே.

பார் குறிப்பிட்ட கொடிமரம் இன்று இல்லை. ஆனால் விடுதியை ஒட்டிய படித்துறையின் பெயர் நிசான் காட். நிசான் என்றால் பாரசீக வழியில் அடையாளம், கொடி. ஆட்சி பல முறை மாறியும் ஊர் மக்கள் வாய்மொழி கொடியை இறக்கவில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு ஒன்று. செராம்பூர் நிர்வாகம் தரங்கம்பாடிக்குக் கட்டுப்பட்டிருந்ததால், மது உரிமம், விடுதி வரி, படித்துறைத் தகராறு போன்றவற்றைத் தேடவேண்டிய இடம் கல்கத்தா ஆவணக் காப்பகம் மட்டுமன்று. கோபன்ஹேகனில் உள்ள டேனிய தேசிய ஆவணக் காப்பகத்தின் தரங்கம்பாடித் தொகுதிகளும் ஆகும். பதினெட்டாம் நூற்றாண்டு டேனியக் கையெழுத்தைப் படிக்கப் பயில்வதற்கு ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும். தமிழ்நாட்டில் அச்சு வரலாற்றுக்காக அம்மொழியைக் கற்றவர்கள் சிலர் உள்ளனர். அவர்களில் ஒருவரேனும், அச்சுக்கூடக் கணக்குகளைப் புரட்டும்போது, பக்கத்துக் கட்டில் உள்ள சாராயக் குத்தகைக் கணக்குகளையும் பார்த்துச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.